நீல மையில் பதினெட்டு

பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, இது மூச்சா இருமலா, இருமலை எண்ணிக்கையில் சேர்க்கலாமா கூடாதா என்று வகுப்பில் சொன்னதாக நினைவில்லை, பதினான்கு என்றே வைத்துக்கொள்கிறேன், விநாடி முள் நான்கைத் தாண்டிவிட்டது. என் மூன்று விரல்கள் பிரமாச்சியம்மாளின் மணிக்கட்டில் இருக்கின்றன. ஆனால் நாடியை நான் பார்க்கவில்லை. நாடி எண்ணி முடித்தாயிற்று, நூற்றுப் பன்னிரண்டு. விரலை எடுக்காமல் கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பது போலவே இருந்துகொண்டு எண்ண வேண்டும். நர்சிங் முதல் வருடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரே பொய் இதுதான். பதினேழு. இல்லை, பதினாறா. முகத்தில் மாட்டிய ஆக்சிஜன் மாஸ்க்கின் உள்ளே ஆவி படிகிறது, விலகுகிறது, படிகிறது, நெஞ்சைப் பார்ப்பதைவிட ஆவியைப் பார்ப்பது சுலபம், ஆனால் ஒரு படிதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே பாதியாக ஒன்று வருகிறது, அதை என்ன செய்வது. "அம்மைக்கு நாடி எப்படி இருக்கு சிஸ்டர்?" என்கிறாள் மகள் செல்வக்கனி. தலைமாட்டில் உட்கார்ந்து பழைய எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருக்கிறாள். "பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா" என்றேன். வாய் திறந்தவுடன் எண் போய்விட்டது. இருபது வரை வந்திருந்தேனா. அரசாங்கக் கல்லூரியில் நான்கு வருடப் படிப்பில் மூன்றாவது வருடம் இருக்கிறேன், ஓர் ஆளின் மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ண முடியவில்லை. மறுபடியும் முதலில் இருந்து.

முள் பன்னிரண்டுக்கு வரும்வரை சும்மா நிற்கலாம். நின்றால் கண் தாளுக்குப் போகிறது. போகவேண்டாம் என்று நினைப்பதற்குள் போய்விடுகிறது. கால்மாட்டில் தொங்கும் அட்டையில் செருகிய தாள், பகல் டூட்டிக்கு நீல மை, இரவு டூட்டிக்குச் சிவப்பு, காய்ச்சலுக்குப் புள்ளி வைத்து ஸ்கேலால் இணைக்க வேண்டும், அதற்குக் கீழே நாடி, அதற்குக் கீழே மூச்சு, அதற்குக் கீழே பிரஷர். நேற்றைய கட்டத்தில் காலை ஆறு மணிக்குச் சிவப்பில் பதினெட்டு. பத்து மணிக்கு நீலத்தில் பதினெட்டு. இரண்டு மணிக்கு நீலத்தில் பதினெட்டு. சிவப்பு யாருடையதோ, நீலம் இரண்டும் என்னுடையவை. எட்டு போடும்போது நான் கீழ் வட்டத்தில் ஆரம்பித்து மேலே ஏறுவேன், மேல் வட்டம் மூடாமல் கொஞ்சம் வாய் பிளந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்தே அப்படித்தான், எங்கே பார்த்தாலும் என் எட்டு எனக்குத் தெரியும். அதற்கு அடுத்து நாலே கால் மணிக்கு, ஹவுஸ் சர்ஜனின் கையெழுத்தில், கட்டத்துக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டு, முப்பத்தாறு. நாலே காலுக்கு நான் இங்கே இல்லை. நாலு மணிக்கே எங்கள் பஸ் ஹாஸ்டலுக்குப் புறப்பட்டுவிட்டது, நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கூடப் படிக்கிற ஜெனோவாவிடம் கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன். இன்று காலை வந்தபோது, நேற்று அந்தம்மா படுத்திருந்த ஜன்னலோரத்துப் பதினான்காம் கட்டிலில் மெத்தை மடக்கிக் கிடந்தது. அங்கிருந்து சிஸ்டர்கள் மேஜைக்குப் பக்கத்தில் இந்த ஒன்றாம் கட்டிலில் அந்தம்மாவைப் பார்க்கிற வரைக்கும் நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடியில் எனக்கு மூச்சு பதினெட்டு இருந்திருக்காது.

ஒன்று. இரண்டு. மூன்று. பதினெட்டு எங்கேயிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. புத்தகத்தில் பன்னிரண்டு முதல் இருபது வரை என்றுதான் இருக்கிறது. ஏழு. முதல் வருடம் ஒருவரையொருவர் எண்ணிப் பழகினோம், ஜெனோவாவுக்குப் பதினாறு, எனக்கு எண்ணவே முடியவில்லை, அவள் என் மணிக்கட்டைப் பிடித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பை அடக்கினால் மூச்சு நின்றுவிட்டது. லீவில் வீட்டுக்குப் போனால் அம்மா மத்தியானம் கண்ணயரும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன், பதினான்கு, ஒரு முறை பதிமூன்று, நடுவில் ஒரு மூச்சு வரத் தாமதமானால் அவளைத் தொட்டு எழுப்பிவிடுவேன். அப்போதெல்லாம் எண்ணினேன். வார்டுக்கு முதல் முதலாக அனுப்பிய அன்றும் எண்ணினேன். இரண்டு முழு மணி நேரத்தில் ஒன்பது பேர்தான் முடிந்தார்கள். ஒரு கிழவருக்குப் பத்தொன்பது வந்தது. பத்தொன்பது என்று எழுதினேன். ஸ்டாஃப் சிஸ்டர் வேலம்மாள் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது பத்தொம்போது? டவுன் பஸ் நம்பரா?" என்றார். மேஜையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்களுக்கு ஒற்றைப்படை வராது என்று பிறகுதான் புரிந்தது, அரை நிமிடமும் எண்ணாதவர்களுக்கு எதுவும் வரும், அதனால் எல்லோருமாகச் சேர்ந்து ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு கட்டிலுக்கு இரண்டு ஸ்டூடண்ட். நாடி பார்க்கலாம், டெம்பரேச்சர் பார்க்கலாம், பிரஷர் பார்க்கலாம், மூச்சு பதினெட்டு, காய்ச்சல் இருந்தால் இருபது. யாரும் சொல்லித்தரவில்லை, யாருக்கும் தெரியாமலும் இல்லை. ரவுண்டு முடித்து வந்தால், "என்னட்டி, பதினெட்டாம்படி ஏறியாச்சா?" என்பாள் ஜெனோவா. "சாமி தரிசனம் முடிஞ்சுது, நெய்த்தேங்காய் மட்டும் பாக்கி" என்பேன் நான். ஹாஸ்டலில் ஒரு கதை உண்டு, எங்களுக்கு நான்கைந்து வருடம் முந்திய அக்கா ஒருத்தி, காலை ஆறரைக்கு உயிர் போய்விட்ட ஆளுக்கு ஏழு மணிக்குப் பதினெட்டு எழுதினாளாம். சாப்பாட்டு மேஜையில் அதைச் சொல்லி நாங்கள் புரையேறுகிற அளவுக்குச் சிரித்திருக்கிறோம். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. அவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. எத்தனை வந்தது. முள் எட்டில் இருக்கிறது. நான் ஏழுக்குப் பிறகு எண்ணவே இல்லை.

மணிக்கட்டை விடாமல் நிற்கிறேன். அந்தம்மாவின் தோல் ஈரமாக இருக்கிறது, விரல்நுனிகளில் பழுப்பு ஏறியிருக்கிறது, பீடி சுற்றுகிறவர்களின் விரல், புகையிலைத் தூள் நகக்கண்ணில் போய் உட்கார்ந்தது எந்த சோப்புக்கும் வராது. நேற்று மத்தியானம் இந்த விரல்தான் என் நெஞ்சில் குத்தியிருந்த பெயர் வில்லையைத் தொட்டது. "என்ன பேரும்மா... போட்டிருக்கு?" என்றார். "இசக்கியம்மாள்" என்றேன். "இசக்கியா... எங்க வீட்டுக்குப் பின்னாலதான்... கோயிலு... கொடைக்கு வா... என்ன பிள்ள." கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார், நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே பிரஷர் பட்டையைச் சுருட்டினேன். அப்புறம், "டாக்டருக்கா... படிக்க?" என்றார். "நர்ஸுக்கும்மா." எங்கள் அம்மாவும் தெருவில் டாக்டருக்கு என்றுதான் சொல்லிவைத்திருக்கிறாள். டாக்டர் சீட்டுக்கு மார்க் போதாமல், நர்சிங் கவுன்சலிங்கில் திரையில் அரசு இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர, ஏழு மிச்சம் இருக்கும்போது என் நம்பரைக் கூப்பிட்டார்கள், அன்று சாயங்காலமே அம்மா, "டாக்டர் காலேஜுல கெடைச்சிருக்கு" என்று சொல்லி முடித்துவிட்டாள், நான் திருத்தினால், "ரெண்டும் ஒரே காம்பவுண்டுதானட்டி" என்பாள். இதைத்தான் நேற்று பிரமாச்சியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் சிரித்தார், சிரிப்பும் துண்டு துண்டாக வந்தது. அது அந்தம்மா பேசுகிற விதம் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேனா. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமை, இது யுனிவர்சிட்டி பரீட்சையில் ஐந்து மார்க் கேள்விக்கு நான் எழுதிய மூன்றாவது பாயிண்ட். அடிக்கோடு போட்டு எழுதினேன். நேற்று என் முன்னால் ஒருவர் அந்த மூன்றாவது பாயிண்ட்டைப் பேசிக் காட்டினார், நான் அதைக் கேட்டுக்கொண்டே குனிந்து பதினெட்டு எழுதினேன். "ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்றுகூடக் கேட்டேன். "ஒண்ணுமில்ல... நல்லாத்தான் இருக்கேன்." யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறவர். காலையில் வந்த பெரிய டாக்டரிடமும் மாஸ்க்குக்குள் இருந்து அதையேதான் சொன்னார். விரலில் மாட்டிப் பார்க்கிற மீட்டர் வார்டுக்கு ஒன்று, நேற்று அதைப் பக்கத்து வார்டில் வாங்கிப்போயிருந்தார்கள். மகள் நேற்று இல்லை, சுற்றிய பீடியைக் கம்பெனியில் கொடுக்கப் போயிருந்தாள். அந்த மத்தியானத்தில் இந்த மூச்சைப் பார்த்தவள் நான் ஒருத்தி. பார்த்தவள் என்று சொல்வதும் சரியில்லை. பக்கத்தில் நின்றவள்.

"ஆமா சார், ஒன்னாம் பெட்." இது ஹவுஸ் சர்ஜன் முத்துராஜ், எனக்கு முதுகுப்பக்கம் மேஜையில், ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவே, முன்னால் ஸ்கேன் படிவம். "நேத்து ரெண்டு மணி வரைக்கும் நார்மல் சார். சார்ட்ல இருக்கு. பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. நாலேகாலுக்கு முப்பத்தாறு. திடீர்னுதான் சார்." காலை ரவுண்டில் பெரிய டாக்டர் சொன்னதும் இதையேதான், நன்றாக இருந்த ஆளுக்கு இரண்டு மணி நேரத்தில் இப்படி ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டி போய் அடைத்திருக்கும், சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று. முத்துராஜ், "கிட்னி டெஸ்ட் கொஞ்சம் கூட இருக்கு சார், சாயம் ஒத்துக்குமா" என்று இழுத்தார். "ரிஸ்க்தான். சார்ட்டைப் பாருய்யா, வேற என்னவா இருக்கும்?" சார்ட்டைப் பாருய்யா. நான் அப்போது மூன்றாம் கட்டிலில் டெம்பரேச்சர் பார்த்துக்கொண்டிருந்தேன், கையிலிருந்த தெர்மாமீட்டரை உதறினேன், உதறினேன், டிஜிட்டல் தெர்மாமீட்டரை உதறக்கூடாது. காலையில் இருந்தே மூச்சு ஏறிக்கொண்டு வந்திருந்தால் அது வேறாக இருக்குமா, சளியா, நீர் கோத்ததா, அப்போதும் ஸ்கேன்தான் எடுப்பார்களா, எனக்குத் தெரியாது. மூன்றாம் வருட ஸ்டூடண்டுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் எண்ணவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும், அது வேறு யாருக்கும் தெரியாது. மூன்று மணிக்கு ஸ்ட்ரெச்சர் வரும். இப்போது இரண்டு பத்து.

வேலம்மாள் சிஸ்டரிடம் சொல்லலாம். காலையிலேயே ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், "சிஸ்டர், நேத்து பதினாலாம் பெட்டுக்கு மூச்சு நான் சரியா..." அவர் மாத்திரை பிரித்துக்கொண்டே, "சரியாத்தானே இருந்துச்சு, போ, போய் அந்தப் பக்கம் பெட்ஷீட் மாத்து" என்றார், நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், நான் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஜெனோவாவிடம் முழுசாகச் சொன்னேன். "உனக்கென்ன கிறுக்கா? எல்லாரும்தான் எழுதுதோம். நீ வாயத் தொறந்தா உன்னோடயா போவும்? காலேஜுக்கு லெட்டர் போவும், நம்ம பேட்ச்சையே வார்டுக்குள்ள விடமாட்டாவ." அவள் சொன்னது சரி. இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள், வருடம் போகலாம், அம்மாவைக் கூப்பிட்டனுப்புவார்கள், அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு பிரின்சிபால் அறைக்கு வெளியே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்பாள், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல். இன்னொரு வழி இருக்கிறது. அது சாப்பாட்டு நேரத்தில் தோன்றியது, தோன்றியதிலிருந்து கையிலேயே இருக்கிறது, ஒட்டிய பிசின் மாதிரி. ஒன்றை இரண்டாக்குவது கடினமில்லை. மேலே ஒரு வளைவு, அடியில் ஒரு சின்னக் கோடு, அதே பேனா, அதே நீலம், பதினெட்டு இருபத்தெட்டு ஆகிவிடும். பத்து மணிக்கு அப்படியே விட்டுவிட்டு இரண்டு மணியை மட்டும் மாற்றினால்கூடப் போதும், ஏறிக்கொண்டு வந்திருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும், எனக்கும் ஒன்றும் ஆகாது, அந்தம்மாவுக்கும் நல்லது. எல்லோருக்கும் நல்லது. இருபத்தெட்டு எழுதினால் நான் அதைக் கவனித்தவள் என்றும் ஆகிவிடும், கவனித்தும் ஏன் சொல்லவில்லை என்பார்கள், அதற்கும் ஒரு பதில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இருபத்தெட்டையும் நான் எண்ணவில்லை. இருபத்திரண்டாக இருந்திருக்கலாம். முப்பதாக இருந்திருக்கலாம். நிஜமாகவே பதினெட்டாகவும் இருந்திருக்கலாம், அந்தம்மா பேசுகிற விதமே அதுவாக இருக்கலாம், அப்படியானால் ரத்தக்கட்டிதான், அப்படியானால் நான் கை வைத்து ஸ்கேனை நிறுத்திக் கொன்றவள் ஆவேன். போன மூச்சைத் திரும்ப எண்ண முடியாது. நாடியாவது ஈ.சி.ஜி. எடுத்தால் தாளில் நிற்கும். மூச்சு எங்கேயும் நிற்பதில்லை, பக்கத்தில் நிற்கிறவர் பார்த்தால் உண்டு.

முள் பதினொன்றைத் தாண்டுகிறது. இந்த முறை வேறு எதையும் நினைக்கக்கூடாது என்று நினைக்கிறேன். ஒன்று. இரண்டு. மாஸ்க்கைப் பார்க்காதே, பச்சைப் போர்வையின் மடிப்பைப் பார், அது கழுத்தெலும்பருகே ஏறுகிறது. ஐந்து. ஆறு. மேலே ஏறும்போது கழுத்தின் இரண்டு பக்கமும் குழி விழுகிறது. ஒன்பது. என் மூச்சும் அதோடு சேர்ந்து போகிறது, சேரவிடக்கூடாது. பதினான்கு. விசிறி நின்றுவிட்டது, செல்வக்கனி என் முகத்தைப் பார்க்கிறாள், பார்க்கட்டும். பதினெட்டு. முப்பது விநாடிகூட ஆகவில்லை, பதினெட்டு இப்போதே வந்துவிட்டது, வந்து நிற்காமல் போகிறது, பத்தொன்பது, இருபது. "ஒண்ணும் பயமில்லையே சிஸ்டர்?" கையை மட்டும் இரு என்று காட்டினேன், இருபத்து மூன்று, இருபத்து நான்கு, பிரமாச்சியம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார், மாஸ்க்குக்குள் உதடு அசைகிறது, இரு, பேசவேண்டாம், இருபத்து ஒன்பது. முப்பது. இது பாதி மூச்சு, பாதி மூச்சும் மூச்சுதான், முப்பத்தொன்று. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. முப்பத்தாறு. முள் பன்னிரண்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போர்வையின் மடிப்பு இன்னொரு முறை ஏறிவிட்டது. முப்பத்தேழு.

விரலை எடுத்தேன். "என்னம்மா சொன்னீங்க?" என்று குனிந்து கேட்டேன். "இசக்கி..." என்றார். என்னைக் கூப்பிட்டாரா, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அம்மனைக் கூப்பிட்டாரா, தெரியவில்லை. அட்டையைக் கழற்றி இன்றைய கட்டத்தில் இரண்டு மணிக்கு நேரே முப்பத்தேழு என்று எழுதினேன். அந்த வரிசை முழுக்க ஒற்றைப்படை அது ஒன்றுதான், ஐந்து நாளாக ஆறு பேர் மாறி மாறி எழுதிய வரிசை. பேனாவை மூடவில்லை. தப்பாக எழுதினால் அழிக்கக்கூடாது, வெள்ளை மை தடவக்கூடாது, மேலே எழுதக்கூடாது, அடியில் இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம். இதுவும் முதல் வருடம்தான், ரெக்கார்டு நோட்டில் இதற்கு எனக்குப் பத்துக்குப் பத்து. பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். நேற்றுப் பத்து மணிப் பதினெட்டின் மேல் ஒரு கோடு. இரண்டு மணிப் பதினெட்டின் மேல் ஒரு கோடு. வாய் பிளந்த எட்டு இரண்டும் கோட்டுக்கு அடியில் அப்படியே தெரிந்தன. ஓரத்தில் இடம் கொஞ்சம்தான் இருந்தது, இங்கிலீஷில் இரண்டே சொல், எண்ணவில்லை என்று. முழுப் பெயர், மூன்றாம் வருடம், இன்றைய தேதி, இரண்டு பதினாறு. காலை ஆறு மணிச் சிவப்பு என்னுடையதல்ல, அதை நான் தொடவில்லை. நான்கு எட்டு நடந்தால் மேஜை. வேலம்மாள் சிஸ்டர் ஊசி மருந்து எண்ணி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். முத்துராஜ் இன்னும் ஃபோனில்தான் இருந்தார், "ஸ்லாட் மூணு மணிக்குத்தானே சார்" என்று கேட்டுக்கொண்டே படிவத்தில் நோயாளியின் வயதை எழுதிக்கொண்டிருந்தார், இடது முழங்கை மேஜையில் பரந்து கிடந்தது. அட்டையைத் திறந்தபடியே படிவத்தின் பக்கத்தில் வைத்து உள்ளே தள்ளினேன். அவர் பேச்சை நிறுத்தாமல் முழங்கையைத் தூக்கி இடம் விட்டார்.